கயாக் ஹல்லும் துடுப்புப் போடும் கையும்: வேகத்தையும் களைப்பையும் அளந்து படகு தெரிவு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு ஞாயிறு காலை பொல்கொட வாவியில் நானும் நண்பர் ஒருவரும் பாதி வழியில் படகை மாற்றிக்கொண்டோம். அவருடையது 3 மீட்டர் நீளமான, அகலமான கயாக். என்னுடையது 5 மீட்டரை எட்டும் ஒல்லிக் கயாக். போகும்போது அவர் மூச்சு வாங்கிக்கொண்டு என் பின்னால் வந்தார். திரும்பும்போது என் படகில் பறந்து போவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் படகு இரண்டு பக்கமும் ஆட, அவர் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, துடுப்பின் இலையைப் பாதி மட்டும் நீரில் வைத்து வைத்து எடுத்தார். இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் கரை சேர்ந்தோம். இறங்கியபோது அவருக்குத் தொடை இறுகியிருந்தது, எனக்குத் தோள் உளைந்தது.

வெள்ளவத்தையிலிருந்தும் தெஹிவளையிலிருந்தும் நம் ஆட்கள் பலர் இப்போது வார இறுதியில் கயாக் எடுக்கிறார்கள். சொந்தமாக ஒன்று வாங்க யோசிப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எது வேகமாக ஓடும்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லமுடியாது. நீங்கள் எந்த வேகத்தில் துடுப்புப் போடுகிற ஆள் என்று தெரிந்தால்தான் எந்த ஹல் உங்கள் கையை மிச்சம் பிடிக்கும் என்று சொல்லலாம். ஹல் என்றால் நீரில் அமரும் அந்த உடல், படகின் வயிறு.

இது எனக்கு மட்டும் பட்ட விஷயமில்லை. கப்பல் அமைப்பின் அறிவியலில் வில்லியம் புரூட் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் 1860களில் ‘அன்னம்’, ‘அண்டங்காக்கை’ என்று பொருள்படும் பெயர்களில் இரண்டு வகை மாதிரிப் படகுகள் செய்து ஆற்றில் இழுத்துப் பார்த்தார். ஒன்று மொட்டை முனை, மற்றது கூர் முனை. எல்லா வேகத்துக்கும் சிறந்த வடிவம் என்று ஒன்று இல்லை, வேகம் மாறினால் வெல்லும் வடிவமும் மாறும் என்பதை அந்தப் பரிசோதனைகள் காட்டின. கயாக்குக்கும் அதே கதைதான்.

தண்ணீர் உங்களை எப்படிப் பிடித்து வைக்கிறது

படிகளுக்குப் போகும் முன் இதை விளங்கிக்கொள்ளுங்கள். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

முதலாவது உராய்வு. படகின் நனைந்த தோல் முழுவதிலும் தண்ணீர் ஒட்டிக்கொண்டு இழுபடுகிறது. நனையும் பரப்பு கூடினால் உராய்வு கூடும். ஆறுதலாகப் போகும்போது உங்கள் பாடு கிட்டத்தட்ட முழுவதும் இதற்குத்தான். வேகம் கூடும்போது இது சும்மா கூடாது. மணிக்கு 5 கிலோமீட்டரில் போகிறவர் 6க்கு ஏறினால் வேகம் கூடுவது 20 சதவீதம், கை கொடுக்கவேண்டிய சக்தி கூடுவது ஏறத்தாழ 70 சதவீதம். "கொஞ்சம்தானே வேகம் கூட்டினேன், ஏன் இப்படிக் களைக்குது?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இரண்டாவது அலை. படகு போகும்போது அணியத்தில், அதாவது முன்முனையில், ஒரு அலை எழும்பும். வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடும். ஒரு கட்டத்தில் அலையின் நீளமும் படகின் நீளமும் சமமாகும். அப்போது முன்முனை ஒரு முகட்டிலும் பின்முனை அடுத்த முகட்டிலும் இருக்க, படகு நடுப் பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். இன்னும் வேகம் வேண்டுமென்றால் நீங்களே கிளப்பிய அலையின் மேல் நீங்களே ஏறவேண்டும்.

அந்தக் கட்டம் எந்த வேகத்தில் வரும் என்று கணக்குப் போடலாம். நீரைத் தொடும் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.5 ஆல் பெருக்குங்கள். 3 மீட்டர் படகுக்கு மணிக்கு 7.8 கிலோமீட்டர், 4 மீட்டருக்கு 9, 5 மீட்டருக்கு 10 கிலோமீட்டர் அளவில் வரும்.

இதைத் தாண்டவே முடியாது என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஹங்கேரி வீரர் பாலின்ட் கோபாஸ் ஒற்றையர் கயாக் 1000 மீட்டரை 3 நிமிடம் 20 விநாடி அளவில் முடித்தார். மணிக்கு 18 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்தப் போட்டிப் படகு 5.2 மீட்டருக்கு மேல் நீளமாக இருக்கக் கூடாது. கணக்குப்படி அதன் எல்லை 10 சொச்சம்தான். படகு மிக ஒல்லியாக இருப்பதால் அது எழுப்பும் அலை சிறியது, அதனால் வீரரால் அந்த மேட்டை ஏறிக் கடக்க முடிகிறது. அவருடைய தோளும் முதுகும் நம்மிடம் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அகலமான படகில் அந்த மேடு மதில் மாதிரித்தான் இருக்கும்.

நமக்கு முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அலையின் பிடி அந்த எல்லையில் திடீரென்று வருவதில்லை. எல்லையின் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கும்போதே கையில் தெரியத் தொடங்கும். 3 மீட்டர் படகில் அது மணிக்கு 5 கிலோமீட்டர் சொச்சம், 5 மீட்டர் படகில் 6.5 தாண்டி. அப்படியென்றால், மணிக்கு 4.5 கிலோமீட்டரில் சுற்றிப் பார்த்துக்கொண்டு போகிறவருக்கு நீளப் படகால் பெரிய இலாபம் இல்லை. கூடுதல் தோலை நனைத்துக்கொண்டு போவதுதான் மிச்சம். 6.5இல் போக ஆசைப்படுகிறவருக்கு நீளம் குறைந்த கட்டைப் படகு ஒவ்வொரு துடுப்பிலும் வரி கேட்கும்.

படி 1: உங்கள் சொந்த வேகத்தை அளவுங்கள்

வாடகைப் படகிலேயே செய்யலாம். போனை நீர் புகாத பையில் போட்டு, தூரமும் நேரமும் பதியும் செயலி ஏதாவது ஒன்றை ஓடவிடுங்கள். 20 நிமிடம் ஒரு திசையில் போய், அதே வழியில் திரும்பி வாருங்கள். பக்கத்திலிருப்பவரோடு கதைத்துக்கொண்டு போகக்கூடிய வேகமாக இருக்கவேண்டும். யாரோடும் போட்டி போடாதீர்கள். மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் காற்றும் நீரோட்டமும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். கொழும்பில் காலை 9 மணிக்குப் பிறகு கடற்காற்று மெல்ல எழும்பும், அதனால் விடியலோடு போங்கள்.

ஓய்வுக்காகத் துடுப்புப் போடுகிறவர்களில் பெரும்பாலானோர் மணிக்கு 4 முதல் 6 கிலோமீட்டருக்குள் வருவார்கள். உங்கள் எண்ணை ஒரு கடதாசியில் எழுதி வையுங்கள். கடைக்காரர் என்ன சொன்னாலும் அந்த எண்தான் உங்களுக்குத் துணை.

படி 2: நீரைத் தொடும் நீளத்தைக் கண்டுபிடியுங்கள்

விளம்பரத்தாளில் போட்டிருப்பது முனைக்கு முனை நீளம். தண்ணீருக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. முனைகள் வாழைப்பழம் மாதிரி மேலே வளைந்திருந்தால், 5 மீட்டர் படகு நீரில் 4.3 மீட்டர்தான் தொடும். முனை நேராக இறங்கினால் கிட்டத்தட்ட முழு நீளமும் வேலை செய்யும்.

அளக்கும் வழி எளிது. இறங்குதுறைக்குப் பக்கத்தில், அலையில்லாத இடத்தில், நீங்கள் படகில் வழமைபோல உட்காருங்கள். இன்னொருவர் முழங்கால் ஆழத்தில் நின்று, முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் நீர் தொடும் இடத்தில் வர்ணம் பூசுபவர்கள் ஒட்டும் கடதாசி டேப்பை ஒட்டட்டும். ஒட்டும் இடத்தை முதலில் துணியால் துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் கழன்று போகும். பிறகு படகைக் கரையில் வைத்து டேப்புக்கு டேப் அளவுங்கள். ஆள் ஏறாத படகை அளப்பதில் பயனில்லை. உங்கள் நிறை ஏறியதும் கோடு மாறிவிடும்.

படி 3: அகலம்

இதில்தான் நிறையப் பேர் பிழைவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு படகு கவிழாமல் நிற்கும் உறுதி அகலத்தோடு மும்மடியாகப் போகிறது. 60 சென்ரிமீட்டர் அகலத்தை 75 ஆக்கினால் அகலம் கால்வாசிதான் கூடும். வடிவத்தால் வரும் உறுதி கிட்டத்தட்ட இரு மடங்காகும். கடைகளில் கற்றுக்குட்டிகளுக்கு அகலப் படகைத் தருவது அதனால்தான். ஆனால் அகலம் கூடும்போது அலையும் பெரிதாகும், நனையும் தோலும் கூடும். இன்னொன்றும் நடக்கும், அதைப் பற்றி அதிகம் பேர் கதைப்பதில்லை: துடுப்பு உடம்பிலிருந்து தள்ளிப் போய்விடும். 75 சென்ரிமீட்டர் படகில் கையை வெளியே நீட்டித்தான் நீரைத் தொடவேண்டும். நடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போடும் ஒவ்வொரு துடுப்பும் படகை முன்னால் தள்ளுவதோடு பக்கமாகவும் திருப்பும். அடுத்த துடுப்பு அதைச் சரிசெய்யவேண்டும். நீர்கொழும்புக் கரையில் நிற்கும் ‘ஒருவ’ என்கிற வள்ளத்தைப் பார்த்தால் இந்தச் சிக்கலை நம் கரையோர மக்கள் எப்படித் தீர்த்தார்கள் என்று தெரியும். நடு உடல் ஒரு ஆள் இறங்கி நிற்கக்கூட இடம் போதாத அளவு ஒடுக்கம். கவிழாமல் பிடிக்கும் வேலையைப் பக்கத்தில் இரண்டு வளைந்த கம்புகளில் கட்டிய மிதக்கும் கட்டை செய்கிறது. அங்கே வலை தைத்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர் அந்தக் கட்டையைத் தட்டிக் காட்டி, "தம்பி, ஓடுறது அது, நிக்கிறது இது" என்றார். வேகத்துக்கு ஒரு உடல், உறுதிக்கு ஒரு உடல். கயாக்கில் இரண்டையும் ஒரே உடலில் அடைக்கவேண்டியிருக்கிறது. அதனால்தான் இத்தனை விட்டுக்கொடுப்பு.

என் அனுபவத்தில் நடுத்தர உடல்வாகு உள்ளவர்களுக்கு 58 முதல் 66 சென்ரிமீட்டர் வரை நல்ல இடம். அதற்குக் கீழே போனால் முதல் சில மாதம் நடுக்கம் இருக்கும். நடுங்குகிறவர் இடுப்பைத் திருப்பி முதுகின் பலத்தைத் துடுப்புக்குக் கொடுக்கமாட்டார், கையால் மட்டும் இழுப்பார். ஆரம்பத்தில் சொன்ன நண்பருக்கு நடந்தது அதுதான். ஒல்லிப் படகின் வேகம் அவருக்குக் கிடைக்கவேயில்லை. இருக்கையை 2 சென்ரிமீட்டர் தாழ்த்திக் கொடுத்ததும் அடுத்த முறை ஆட்டம் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது.

படி 4: படகைக் கவிழ்த்துப் பாருங்கள்

புல்லில் கவிழ்த்து வைத்து, நடுப்பகுதியில் உள்ளங்கையை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை ஓட்டுங்கள்.

கை வட்டமாக வழுக்கிக்கொண்டு போனால் அது உருண்டை வயிறு. ஒரே பாரத்துக்குக் குறைந்த தோலை நனைப்பது அரைவட்ட வடிவம், ஆகவே உராய்வு குறைவு. ஆனால் உருளக்கூடியது. போட்டிப் படகுகள் இந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கும். கை தட்டையாகப் போய் ஓரத்தில் சட்டென்று மடிந்தால் அது தட்டை வயிறு. அமைதியான நீரில் மேசை மாதிரி நிற்கும், மோட்டார் படகின் அலை பக்கத்தில் அடித்தால் அலையோடு சேர்ந்து சரியும். நடுவில் இலேசான கூர் தெரிந்தால் ஆழமில்லாத V. நேராக ஓடும், உட்கார்ந்தவுடன் கொஞ்சம் ஆடும், சாய்த்தால் ஒரு இடத்தில் பிடித்து நிற்கும். வாவிக்கும் ஆற்றுக்கும் பொதுவாகப் பயன்படுத்த, ஓரங்கள் வட்டமாக மடிந்த ஆழமில்லாத V எனக்குப் பிடிக்கும்.

அடுத்தது நீளவாக்கில் உள்ள வளைவு, ரொக்கர் என்பார்கள். படகை நிமிர்த்தி, கார் நிறுத்தும் சீமெந்துத் தரை மாதிரிச் சமமான இடத்தில் வையுங்கள். முன்பு ஒட்டிய டேப் இருக்கும் இடங்களில் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தால் இடைவெளி தெளிவாகத் தெரியும். இரண்டு விரல் தடிப்பு என்றால் நேராக ஓடும் படகு, திருப்பச் சோம்பல்படும். ஒரு கைப்பிடி அளவு என்றால் வாலைச் சுழற்றும் மீன் மாதிரித் திரும்பும். அலையில் அது சந்தோஷம், நேரான நீரில் பாடு.

அந்தப் பாட்டை என் கையால் எண்ணியிருக்கிறேன். 500 மீட்டர் தூரத்துக்கு வளைவு கூடிய கட்டைக் கயாக்கில் 330க்குக் கிட்டத் துடுப்பு, நேரான 4.4 மீட்டர் கயாக்கில் 250 சொச்சம். வேகத்தை ஒரே மாதிரி வைத்துத்தான் எண்ணினேன். முன்முனை இடம் வலம் ஆடுவதைப் பார்த்தாலே கூடுதல் துடுப்பு எங்கே போகிறது என்று தெரியும்.

படி 5: அகலமான இடம் எங்கே, வால் எப்படி

அகலம் இருக்கைக்குப் பின்னால் இருந்தால் முன்பகுதி நீண்டு ஒடுங்கும், துடுப்பு உடம்புக்குக் கிட்ட விழும். முன்னால் இருந்தால் அலையில் முன்முனை தாழாமல் மிதக்கும். சாதாரண வேகத்தில் வித்தியாசம் சிறிது, இதற்காகப் படகைத் தள்ளிவைக்க வேண்டாம்.

பின்னால் இறக்கி ஏற்றக்கூடிய சிறு தகடு, அதாவது ஸ்கெக், இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். பக்கக் காற்று அடித்தால் கயாக்குகள் முகத்தைக் காற்றுக்குத் திருப்பப் பார்க்கும். ஸ்கெக் இல்லாவிட்டால் ஒரு பக்கக் கையாலேயே மணிக்கணக்காகச் சரிசெய்யவேண்டி வரும். தேவையில்லாதபோது மேலே ஏற்றி வையுங்கள், தொங்கினால் அதுவும் இழுக்கும்.

படி 6: நிறையும் சமநிலையும்

பாரமில்லாத படகுக்கு இரட்டிப்பு விலை கொடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு. நீங்கள் 75 கிலோ, படகு 25 கிலோ என்றால் மொத்தம் 100. படகில் 5 கிலோ குறைத்தால் மொத்தத்தில் 5 சதவீதம் குறையும், நனையும் தோல் அதைவிடக் குறைவாகத்தான் குறையும். நேரான நீரில் ஒரே வேகத்தில் போகும்போது இது பெரிதாகத் தெரியாது. கார் கூரையில் தனியாக ஏற்றும்போது நன்றாகத் தெரியும். நான் அந்தப் பணத்தை நல்ல துடுப்புக்குக் கொடுப்பேன். துடுப்பை ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான முறை தூக்குகிறோம், அதில் 300 கிராம் குறைந்தால் தோளுக்கு உடனே விளங்கும்.

தண்ணீர்ப் போத்தலும் பையும் பின்பக்கம் குவிந்தால் பின்முனை அமிழும், முன்முனை தூக்கும், நீரைத் தொடும் நீளம் குறையும். மட்டமாகப் பரப்பி வையுங்கள். வேறு ஒன்றும் வாங்காமல் கிடைக்கும் வேகம் இது.

படி 7: தோல்

பிளாஸ்டிக் படகின் வயிற்றில் சிறு கீறல்கள் வந்துதான் தீரும். பயப்பட வேண்டாம், தும்பு எழும்பி நிற்பதை மட்டும் கத்தியால் சீவி விடுங்கள். பாசி வேறு கதை. சில நாள் நீரில் கட்டி வைத்தாலே வழுவழுப்பாகப் படரும், அது நேரடியாக உராய்வு. ஒவ்வொரு முறையும் கரையேற்றிக் கழுவித் துடையுங்கள். மேலே உட்காரும் வகைப் படகில் நீர் வடியும் துளைகள் அடியில் சுழிப்பை உண்டாக்கும். அமைதியான வாவியில் அவற்றை அடைத்துவிட்டால் களகள சத்தமும் போகும், இழுவையும் குறையும். காற்றடைத்த படகு நடுவில் தொய்ந்தால் அங்கேயும் சக்தி போகும், காற்றைச் சொன்ன அளவுக்கு முழுதாக அடியுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய தொல்லை சல்வீனியா. 1939இல் இலங்கைக்கு வந்த இந்த நீர்க்களை இன்று வாய்க்கால் வாவி எங்கும் இருக்கிறது. ஒரு கொத்து ஸ்கெக்கில் மாட்டினால் படகு திடீரெனப் பாரமாகும். காரணமில்லாமல் களைத்தால் முதலில் பின்பக்கம் எட்டிப் பாருங்கள்.

படி 8: எந்த நீரில் ஓட்டப் போகிறீர்கள்

ஆழம் குறைந்த நீரில் அலைக்கு இன்னொரு எல்லை உண்டு. அரை மீட்டர் ஆழத்தில் அலை மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் ஓடமுடியாது. அதில் முக்கால்வாசியை நெருங்கினாலே பின்முனை அமிழ்ந்து, யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல இருக்கும். பாராளுமன்றத்தைச் சூழ்ந்திருக்கும் தியவன்னா ஓயாவின் ஓரங்களிலும் வத்தளைப் பக்கம் தொடங்கி நீர்கொழும்பு நோக்கிப் போகும் ஹமில்டன் கால்வாயிலும் இப்படிப் பிடிக்கும் இடங்கள் உண்டு. அங்கே எந்தப் படகும் உதவாது, வேகத்தைக் குறையுங்கள் அல்லது நடு ஆழத்துக்கு நகருங்கள். கால்வாய்க்கும் தியவன்னாவுக்கும் 3.8 முதல் 4.3 மீட்டர் நீளப் படகே போதும். பாராளுமன்றத்தைச் சுற்றிய பகுதிக்குக் கிட்டப் போக வேண்டாம்.

பொல்கொட விரிந்த நீர். வடக்கு வாவியிலிருந்து தெற்கு வாவிக்குப் போய்வர ஆசைப்படுகிறவருக்கு 4.3 முதல் 4.9 வரை, கட்டாயம் ஸ்கெக்கோடு. முதலை உள்ள நீர் என்பதால் கரையோரப் புதர்களில் ஒதுங்காதீர்கள். கல்கிசைக் கடலுக்கு 5 மீட்டர் நல்லது, ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தப் பக்கமே வேண்டாம். உயிர்காப்பு அங்கி எங்கேயும், எப்போதும்.

படி 9: வாங்கும் முன் ஒரு காலை

இரண்டு மூன்று படகை ஒரே காலையில், ஒரே துடுப்போடு ஓட்டிப் பாருங்கள். கரையில் தெரியும் இரண்டு மரங்களை அடையாளமாக வைத்து, உங்கள் கடதாசியில் எழுதிய வேகத்தில் போய்த் திரும்பி, துடுப்பை எண்ணுங்கள். பிறகு அந்த வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துவிட்டு, படகு எவ்வளவு தூரம் தானாக வழுக்குகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். உடனே ஒரு பக்கம் திரும்பும் படகு உங்கள் கையிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். கடைசியாக, 40 நிமிடம் இறங்காமல் அதிலேயே இருங்கள். முதல் 10 நிமிடத்தில் எல்லாப் படகும் நல்ல படகுதான். கால் மரத்துப்போகிறதா, தொடை இறுகுகிறதா என்று 30 நிமிடத்துக்குப் பிறகுதான் தெரியும்.

போன மாதம் என் சித்தி மகனுக்கு இப்படித்தான் பார்த்தோம். அவனுடைய எண் 5.2. கடையில் அவன் ஆசைப்பட்டது 5 மீட்டர் சிவப்புப் படகு. காலை முடிய அவன் எடுத்தது 4.3 மீட்டர் நீளம், 62 சென்ரிமீட்டர் அகலமான பழைய படகு, வயிற்றில் நாலைந்து கீறலோடு. துடுப்பு எண்ணிக்கை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்று. இதில் மட்டும்தான் அவன் பாலத்தடியில் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, ஆடாமல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான்.